தண்டையார்பேட்டையிலிருந்து மேடைக்கும் சின்னத்திரைக்கும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருடத்துக்கு மேலாக நாடகத்தில் நடிக்கிறேன். தொலைக்காட்சித் தொடர்களுக்கு வந்து இருபது வருடம் ஆகப்போகிறது. அதில் பெரும்பாலும் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி, இரண்டு முறை போலீஸ் ஏட்டம்மா. பிறந்தது வட சென்னையில் தண்டையார்பேட்டை, இப்போதும் வீடு அங்கேதான். காசிமேட்டில் மீன் வாங்கப் போனாலும் ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் யாராவது ஒரு பெண் பக்கத்தில் வந்து, "அக்கா, எனக்கும் நடிக்கணும்" என்று ஆரம்பிப்பாள். கூடையோடு நின்றபடி சொல்லும் பதில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன்.

நீங்கள் எப்படி நடிக்க வந்தீர்கள்?

அப்பா பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். பக்கிங்ஹாம் கர்னாட்டிக் மில் என்பது அதன் முழுப் பெயர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது. அப்பாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. பொங்கல் வந்தால் அவரும் கூட்டாளிகளும் தெரு முனையில் மேடை கட்டி நாடகம் போடுவார்கள். ஆண் வேடமெல்லாம் மில்காரர்களே போட்டுக்கொள்வார்கள். பெண் வேடத்துக்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு நடிகையைச் சம்பளம் பேசிக் கூட்டி வருவார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது வந்த அம்மாளை மறக்கவே முடியாது. மதியமே வந்துவிட்டார். எங்கள் வீட்டில்தான் மேக்கப். பவுடர் டப்பாவைத் திறக்கும் முன், "பேசின பணத்தைக் கொடுத்துடுங்கண்ணே" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வசூல் முடிந்த பிறகு கொடுப்பதாகத்தான் நினைத்திருந்தார். ஆனாலும் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். அந்த அம்மாள் எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் கண்ணாடி முன் உட்கார்ந்தார். ராத்திரி மேடையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக நின்று எங்கள் தெரு முழுவதையும் அழ வைத்தார். மறுநாள் அப்பா அம்மாவிடம், "அந்தப் பொண்ணு கேட்டது சரிதான். நாங்க சங்கத்துல கேக்குறதும் அதைத்தானே" என்றார்.

நடிப்பு என்பது ஒரு வேலை என்று அன்றைக்கே எனக்குள் பதிந்துவிட்டது. பதினாறு வயதில் ஏரியா மன்றத்து நாடகத்தில் சேர்ந்தேன். மில் 1996இல் மூடப்பட்டபோது வீட்டில் மாதம் தவறாமல் வந்த காசு நின்றது. அதிலிருந்து நாடகமே எனக்குப் பிழைப்பும் ஆனது.

வட சென்னையில் நாடகமா? அதெல்லாம் மயிலாப்பூர், தி. நகர் சபாக்களில்தானே?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நீளமாகவே பதில் சொல்வேன். நம் பிள்ளைகளுக்கே இது தெரியாமல் இருப்பது மனதை வருத்துகிறது.

வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை என்று ஒரு நாடகக் கொட்டகை இருந்தது. தமிழ் நாடகக் கம்பெனிகள் சென்னைக்கு வந்தால் அங்கே ஆடுவது ஒரு கௌரவம். நாடகப் பாடகரும் நடிகருமான எஸ். ஜி. கிட்டப்பா பாடிய இடம் அது. கொஞ்சம் தள்ளி, சென்ட்ரல் பக்கம் ரிப்பன் மாளிகைக்கு அருகில் விக்டோரியா பொது மண்டபம். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் அங்கே நடந்தன. படித்தவர்கள், வக்கீல்கள் எல்லாம் மேடை ஏறலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். ஆனால் அந்தச் சபையில் பெண் வேடங்களையும் ஆண்களே போட்டார்கள். பெண்கள் மேடை ஏறுவதைக் குடும்ப மரியாதைக்குக் குறைவு என்று நினைத்த காலம்.

அதே காலத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களை வைத்து ஒரு கம்பெனி நடத்தினார். ஆண் வேடமும் பெண்களே கட்டினார்கள். இதைச் சொன்னால் நம் ஏரியாப் பெண்களின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.

இன்னொன்று. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது நம் ஜார்ஜ் டவுனில் இருந்த கினிமா சென்ட்ரல் கொட்டகையில். பின்னாளில் அது முருகன் டாக்கீஸ் ஆனது. அந்தப் படத்தின் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையில் வளர்ந்தவர். ஐந்து வருடம் கழித்து 'மிஸ் கமலா' படத்தை அவரே இயக்கினார். மேடைப் பெண் ஒருத்தியின் குரல்தான் தமிழ்ப் பேசும் படத்தின் முதல் கதாநாயகிக் குரல். அது முதலில் ஒலித்தது சென்னையில் நாம் இருக்கும் பக்கத்தில்.

அப்புறம் தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய பார்த்தவர்கள் இன்னமும் இங்கே இருக்கிறார்கள்.

நம்ம பேச்சு வேறு மாதிரி இருக்கிறதே, மாற்றிக்கொள்ள வேண்டுமா?

நான் மேடையில் முதன்முதலாகச் சொந்தமாகப் பேசிய வசனம், "வாழ்வா சாவா என்று வந்துவிட்டது." நான் சொன்னது "வாய்வா சாவா." கீழே சிரிப்பு. எங்கள் வீட்டில் வாழைப்பழம் வாயப்பயம்தான். மதுரைப் பக்கம் பல பேருக்கு அது வாளப்பளம். அவர்களுக்கும் ழகரம் வராது, வேறு விதத்தில் வராது, அவ்வளவுதான். நம்முடையதை மட்டும் கொச்சை என்பார்கள்.

எனக்கு நாடகம் சொல்லிக்கொடுத்த ஐயா ஒரு வழி சொன்னார். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது போய் நில். சரக்கு ரயில் போகும். எதிர்ப்பக்கம் உன் தோழியை நிறுத்து. நீ சொல்வது அவளுக்குக் கேட்க வேண்டும், ஆனால் நீ கத்தக் கூடாது. மூன்று மாதம் அப்படிச் செய்தேன். அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, எழுத்தை உதட்டிலும் நாக்கிலும் தெளிவாக உருட்டினால் கத்தாமலே போய்ச் சேரும் என்பது அங்கேதான் பிடிபட்டது. ழகரமும் அங்கேதான் வந்தது. நாக்கு நுனியை மேலண்ணத்தின் பக்கம் வளைத்துக்கொண்டு போய், தொடாமல் நிறுத்திப் பாருங்கள்.

ஆனால் நம் பேச்சைத் தொலைத்துவிடாதீர்கள். "இன்னா, இட்டாந்தியா, சொல்லிகினு கீறான்" என்பது ஒரு மொழி வழக்கு. அதற்கென்று தாளம் இருக்கிறது. தொடர்களில் வட சென்னைப் பெண் என்றால் எடுத்தவுடன் சண்டைக்காரியாக, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒரு வேடத்தில் நான் இயக்குநரிடம் கேட்டேன்: "சார், எங்க வீட்ல சாமி கும்பிடும்போதும் இதே தமிழ்தான் பேசுவோம். ஒரு காட்சியில அதைப் பேச விடுங்க." விட்டார். அந்த ஒரு காட்சிக்காக எங்கள் தெருவில் மூன்று வீட்டில் எனக்கு மோர் கொடுத்தார்கள்.

நடிப்பை எங்கே கற்றுக்கொள்வது?

பணம் வாங்கிக்கொண்டு முப்பது நாளில் நடிகை ஆக்குகிறோம் என்ற போஸ்டரைக் கண்டால் நடையைக் கட்டுங்கள். ஒரு நாடகக் குழுவில் சேருவதுதான் என் முதல் யோசனை. ந. முத்துசாமி ஐயா 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை உடம்பையும் குரலையும் பழக்கும் இடமாகப் பெயர் பெற்றது. நடிகை கலைராணி போன்றவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். வீதி நாடகம் பிடிக்கும் என்றால் பிரளயன் அவர்களின் சென்னைக் கலைக்குழுவைப் போய்ப் பாருங்கள். முழுக்கப் பெண்களே நடிப்பதைப் பார்க்க வேண்டுமானால் பம்பாய் ஞானம் அம்மாவின் குழு நாடகம் எங்கே நடந்தாலும் டிக்கெட் எடுத்துப் போங்கள். பட்டம், பட்டயம் என்று முறையாகப் படிக்க விரும்பினால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் போகிறார்கள்.

குழுவில் சேர்ந்தால் முதல் வருடம் வேடம் கிடைக்காது. திரை இழுக்க வேண்டும், டீ வாங்கி வர வேண்டும், மற்றவர்கள் ஒத்திகையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த உட்காருதல்தான் பாடம்.

மேடையில் நடித்தால் டிவியில் நடிப்பது சுலபமா?

குரலும் துணிச்சலும் வந்துவிடும். மற்றதெல்லாம் புதிதாகப் படிக்க வேண்டும். மேடையில் ஒரு கதையை இரண்டு மணி நேரத்தில் முதலிலிருந்து கடைசிவரை வாழ்ந்துவிடுவோம். ஒரு மாதம் ஒத்திகை பார்த்திருப்போம். தொடரில் காலையில் மகள் கல்யாணக் காட்சி எடுப்பார்கள், மதியம் அதே மகளைப் பெண் பார்க்க வரும் காட்சி எடுப்பார்கள். எந்த நாள், எந்தப் புடவை, கண் எவ்வளவு சிவந்திருந்தது என்பதை நாமே நினைவில் வைத்திருக்க வேண்டும். நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். கன்டின்யூட்டி பார்க்க உதவி இயக்குநர் இருந்தாலும் என் நோட்டில் எழுதாமல் வீட்டுக்குப் போக மாட்டேன்.

வசனம் மனப்பாடம் ஆக நேரம் இருக்காது. காட்சித் தாள் சில சமயம் எடுப்பதற்கு அரை மணி முன்னால்தான் கைக்கு வரும். அதனால் பிராம்ப்டிங். கேமராவுக்குப் பின்னால் ஒருவர் வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போவார், நாம் வாங்கிப் பேச வேண்டும். மேடையிலிருந்து போனவர்களுக்கு முதலில் இது பெரிய அவஸ்தை. அடுத்த வரி காதில் விழும்போதே முகம் இந்த வரியில் இருக்க வேண்டும். காது ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

க்ளோஸப்பில் புருவத்தை ஏற்றினாலே அதிகம். சபாவில் கடைசி வரிசைப் பாட்டிக்குத் தெரிய வேண்டும் என்று பழகிய முகத்தை அடக்குவது, சமையலில் கை தாராளமானவளை உப்பைக் குறைக்கச் சொல்வது போல. ஆனால் மேடைப் பழக்கம் ஒரு இடத்தில் காப்பாற்றும். எதிரில் நடிப்பவர் அன்றைக்கு வரவில்லை, வெறும் சுவரைப் பார்த்து அழ வேண்டும் என்று அடிக்கடி வரும். கிளிசரின் கண்ணில் தண்ணீரை வரவழைக்கும், துக்கத்தை வரவழைக்காது. இல்லாத ஆளை இருப்பதாகப் பார்க்கும் பயிற்சி நாடகத்தில்தான் கிடைக்கிறது.

ஒரு நாள் ஷூட்டிங் எப்படி இருக்கும்? இங்கிருந்து போய் வர முடியுமா?

முந்தின நாள் ராத்திரி மேனேஜர் போன் செய்வார், எத்தனை மணிக்கு, எந்த வீடு என்று. பெரும்பாலும் வளசரவாக்கம், விருகம்பாக்கம், போரூர், பூந்தமல்லி பக்கம். ஷூட்டிங்குக்கென்று வாடகைக்கு விடும் பங்களாக்கள் அங்கேதான் இருக்கின்றன. காலை ஒன்பதுக்கு முதல் ஷாட் என்றால் ஏழரைக்கு மேக்கப். இரவு ஒன்பதுக்கு பேக்கப் என்பது கணக்கு, சில நாள் கூடும்.

முன்பெல்லாம் விடியற்காலை இரண்டு பஸ் மாறிப் போவேன். 2021இல் மெட்ரோ நம் பக்கம் விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து நிம்மதி. தண்டையார்பேட்டையில் ஏறி சென்ட்ரலில் மாறி வடபழனியில் இறங்குகிறேன். பையில் நான்கு புடவை, இரண்டு சுடிதார், கவரிங் நகை. பல கம்பெனிகளில் அம்மா வேடக்காரிகளின் உடுப்பு அவரவர் செலவுதான். வண்ணாரப்பேட்டை எம். சி. ரோட்டுக் கடைகளில் புடவை எடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு என்பதால் அந்தச் செலவில் கொஞ்சம் தப்பித்தேன்.

சம்பளம் எவ்வளவு? நேரத்துக்கு வருமா?

நாள் கணக்கில் பேசுவார்கள். வேடத்துக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப மாறும், அதனால் தொகை சொன்னால் தப்பாகப் போகும். நடித்த மாதமே பணம் வராது. இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளித்தான் வரும். இதைத் தெரிந்துகொண்டு வாடகைக்கும் பிள்ளைகள் பீஸுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஒரு கம்பெனியில் எனக்குப் பதினான்கு நாள் சம்பளம் நின்றுபோனது. தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பேசினது எல்லாம் போனில். எழுத்தில் ஒன்றும் இல்லை. எத்தனை நாள் நடித்தேன் என்று நான் சொல்ல, அவர்கள் ஒன்பது நாள் என்று சொல்ல, கடைசியில் ஒன்பதுக்குத்தான் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பேக்கப் ஆனதும் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புகிறேன்: "இன்று தேதி, வந்த நேரம், போன நேரம்." மரியாதையாகத்தான் அனுப்புகிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

இன்னொரு விஷயம். கம்பெனிகள் வழக்கமாகச் சம்பளத்தில் பத்து சதவீதத்தை டிடிஎஸ் என்று, அதாவது வருமான வரிக்காக முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். பல பெண்கள் அந்தப் பணம் போனது போனதுதான் என்று நினைக்கிறார்கள். வருமானம் வரிக்குரிய அளவுக்கு வரவில்லை என்றால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். நான் ஆறு வருடம் தாக்கல் செய்யாமலே இருந்தேன். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வாய்ப்பு வாங்கித் தர ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். வேலைக்குக் கூலி வாங்குவோம், வேலை வாங்கக் கூலி கொடுக்க மாட்டோம். வாய்ப்பு முடிந்தபின் கோஆர்டினேட்டர் தன் பங்கை எடுப்பது வேறு, வாய்ப்புக்கு முன்னால் பணம் கேட்பது வேறு.

கறுப்பாக இருந்தால் கதாநாயகி வேடம் கிடைக்காதாமே?

உண்மையை மறைக்க மாட்டேன். கதாநாயகிக்கு வெளுத்த நிறம் தேடுகிறார்கள். தமிழ் தெரியாத பெண்ணைக் கூட்டி வந்து, நம்மில் ஒருத்தியை டப்பிங் பேச வைக்கிறார்கள். எனக்கு முதல் தொடரில் முகத்துக்கு இரண்டு ஷேடு வெளுப்பாகப் பூசினார்கள், கழுத்தும் கையும் என் நிறத்திலேயே இருந்தன. வீட்டில் டிவியில் பார்த்த என் மகள், "அம்மா, இது யாரு?" என்றாள். அதற்கு அடுத்த தொடரில் மேக்கப்மேனிடம், "அண்ணே, என் கலர்லயே போடுங்க, லைட்மேன் பார்த்துக்குவாரு" என்று சொல்லிவிட்டேன். முதல் நாள் முணுமுணுத்தார், இரண்டாம் நாளிலிருந்து பழகிவிட்டது. இந்த நிலைமை தானாக மாறாது. கேட்கக் கேட்கத்தான் மாறும்.

செட்டில் யாராவது தொந்தரவு கொடுத்தால்?

பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொந்தரவைத் தடுக்க வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி படப்பிடிப்புத் தளமும் பணியிடம்தான். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். கம்பெனியில் குழுவே இல்லை என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. சென்னை ஆட்சியர் அலுவலகம் நம் ராஜாஜி சாலையில், சிங்காரவேலர் மாளிகையில்தான் இருக்கிறது, போய்க் கேளுங்கள். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181.

நாள் கூலிக்கு வருபவளுக்கு, ஒரு நாள் மட்டும் வந்தவளுக்கு இது பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொருந்தும்.

என் பெண் குழந்தை நன்றாக நடிக்கிறாள். சேர்க்கலாமா?

பள்ளிக்கூடம் கெடாது என்றால் சேர்க்கலாம். தயாரிப்பாளர் ஆட்சியரிடம் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் குழந்தையை வேலை வாங்கக் கூடாது. இடைவெளி இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது இருபது சதவீதம் குழந்தை பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். இவையெல்லாம் விதியிலேயே இருக்கின்றன. ராத்திரி பத்து மணிக்குத் தூங்கி விழும் பிள்ளையை எழுப்பி எழுப்பி அழ வைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்தது இன்னும் உறுத்துகிறது.

வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். என்ன சொல்வது?

கே. பி. சுந்தராம்பாள் கதையைச் சொல்லுங்கள். கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, நாடக மேடையில் பாடி வளர்ந்தவர். 'நந்தனார்' படத்தில் ஆண் வேடத்தில் நடிக்க 1935இல் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். 1951இல் சென்னை மாகாண மேலவை உறுப்பினர் ஆனார். எங்கள் பாட்டி அவர் படத்தை சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

அப்படியும் மறுத்தால், ஒரு நாள் ஒத்திகைக்கு அவர்களைக் கூட்டிப் போங்கள். என் மாமியார் ஒத்திகை பார்க்க வந்து, ஒரே வரியை நாங்கள் இருபது தடவை சொல்வதைக் கண்டு, "இவ்ளோ பாடா இது?" என்று கேட்டார். அதற்கப்புறம் ஒரு வார்த்தை எதிர்த்ததில்லை.

வயதான பிறகு என்ன செய்வீர்கள்?

இந்தத் தொழிலில் வயதானால் வேடம் மாறும். மனோரமா ஆச்சி மேடையிலிருந்து வந்து ஆயிரம் படங்களைத் தாண்டி நடித்தார். எஸ். என். லட்சுமி அம்மா கடைசிக் காலம் வரை தொடர்களில் பாட்டியாக வந்தார். வேலை நின்றுபோன மூத்த கலைஞர்களுக்கு தமிழ்நாடு அரசின் இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக மாதாந்திர நிதியுதவி இருக்கிறது. விண்ணப்பிக்க வெட்கப்பட வேண்டாம்.

எனக்கும் இப்போதுதான் முதல் பாட்டி வேடம் வந்திருக்கிறது. முதுகைக் கூனிக்கொண்டு, கையை நடுக்கிக்கொண்டு நடிப்பது எனக்குப் பிடிக்காது. என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு. அவர் மாடிப்படி இறங்குவதை ஒரு வாரம் கவனித்தேன். நேராக இறங்க மாட்டார். சுவர்ப்பக்கம் ஒருக்களித்துத் திரும்பி, ஒரு கையைச் சுவரில் வைத்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த படி. அதை அப்படியே செய்தேன். ஒளிபரப்பான அன்று அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். முடிந்ததும், "வலிக்கிற காலைத்தான் முதல்ல கீழே வைப்பாங்கடி, நல்ல காலை மேலயே நிறுத்தணும். நீ மாத்தி வச்சிட்ட" என்றார். அடுத்த ஷெட்யூலில் காலை மாற்றிக்கொண்டேன்.